கோட்டை முற்றத்துப் பெஞ்சு

போனில் அனுப்பியது
ஸ்கொட்லாந்து, 05.06.2025

அன்புள்ள றோசாலிக்கு,

மாதாவின் துணையால் சுகமாக வந்து சேர்ந்தேன். உன் சுகத்தையும் நம் தோட்டத்து லயத்தில் எல்லார் சுகத்தையும் அறிய ஆவல்.

பிளேனில் ஒரு பயமும் இல்லை. பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறுகிற நம் பஸ்ஸை விட ஆட்டம் குறைவு. "எனக்கு பிளேனுன்னாலே பயம், நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று ஒற்றைக் காலில் நின்றாயே, வந்திருந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து மேகம் பார்த்திருக்கலாம்.

நம் மகள் டிலக்ஷி மெலிந்துவிட்டாள். முதியோர் இல்லத்தில் அவளுக்கு இரவு வேலை. மாப்பிள்ளை ஷெல்டனுக்குச் சாமான் களஞ்சியத்தில் பகல் வேலை. பாப்பா என்னைக் கண்டு முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் மீசையைப் பிடித்து இழுத்தாள்.

இனி நம் பேச்சு இப்படித்தான். தேயிலை பெக்டரி ரோலர் அறையில் முப்பத்தாறு வருடம் நின்ற காது, போனில் நீ என்ன கத்தினாலும் அதற்கு இரைச்சல்தான். அதனால் நான் தாளில் எழுதுவேன். டிலக்ஷி அதைப் படம் பிடித்துப் பக்கத்துக் காம்பரா வீட்டு சுபாஜினியின் போனுக்கு அனுப்புவாள். நீ எழுதுவதை சுபாஜினி அப்படியே இங்கே அனுப்பட்டும். டிலக்ஷி வாசித்துவிட்டுத்தான் என்னிடம் தருவாள். ஆகையால் என்னைத் திட்டுவதென்றால் கொஞ்சம் மரியாதையாகத் திட்டு.

மூன்று மாதம்தானே. செப்டம்பர் எட்டாம் திகதி டிக்கெட்.

இப்படிக்கு உன்
மாணிக்கராஜ்

•

போனில் அனுப்பியது
ஸ்பிரிங்வெளி, 14.06.2025

டிலக்ஷி அப்பாவுக்கு றோசாலி எழுதிக்கொள்வது,

நான் நல்ல சுகம். உங்கள் சுகம், மகள், மாப்பிள்ளை, பாப்பா சுகம் எல்லாம் அறிய ஆசை.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. காற்று அடிக்கிறது, மழை இல்லை. வாசலில் போட்ட லீக்ஸ் நாற்று பாதி பிடித்துக்கொண்டது. தண்ணீரை சுபாஜினி தூக்கி ஊற்றித் தருகிறாள், நல்ல பிள்ளை. பதுளை டவுனுக்கு இரண்டு தரம் போய் வந்தேன், சாமான் வாங்க. நம்ம நாய் இன்னும் பஸ் வரும் நேரத்துக்கு ரோட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. அதற்கு யார் சொல்வது?

மகளே டிலக்ஷி, அப்பாவுக்குக் குளிர் தாங்காது. உள்ளே ஒரு பனியன் போடச் சொல். சொன்னால் கேட்காத மாதிரி நடிப்பார், விடாதே.

அன்புடன்
றோசாலி

•

போனில் அனுப்பியது
ஸ்கொட்லாந்து, 20.07.2025

அன்புள்ள றோசாலிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

நேற்று சனிக்கிழமை டிலக்ஷியும் மாப்பிள்ளையும் என்னைக் குடும்பத்தோடு ஒரு பழைய அரச கோட்டைக்குக் கூட்டிப் போனார்கள். அதன் பெயரை மாப்பிள்ளை மூன்று தரம் சொல்லியும் என் காதில் ஏறவில்லை. ராஜா கோட்டை என்றே எழுதுகிறேன்.

றோசாலி, அது பாறை உச்சியில் நிற்கிறது. வாசலிலே பீரங்கிகள் வரிசையாக. உள்ளே போனால் பெரிய மண்டபம், நம் பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். கூரை முழுக்க மரம். அந்தக் கோடியில் ராஜாவின் நாற்காலி, அதற்கு மேலே சிவப்புத் துணி விதானம். ராணியின் அறையில் சுவர் முழுக்க நெய்த கம்பளம், அதில் நெற்றியில் ஒற்றைக் கொம்பு வைத்த வெள்ளைக் குதிரை. ராணியின் கட்டில் குட்டையாக இருக்கிறது, அந்தக் காலத்தில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார்களாம். அடுக்களையில் மெழுகில் செய்த ஆட்கள். ஒருவன் கோழி உரிக்கிறான், ஒருத்தி மாவு பிசைகிறாள், ஒரு பூனை மீனைத் திருடுகிறது. கோபுரத்துக்கு நூற்றிருபது படி, சுற்றிச் சுற்றி ஏறும் கல் படி. மேலே நின்றால் ஆறும் பாலமும் ஊரும் தெரிகின்றன.

கடைசியில் கோட்டைக்குள்ளேயே ஒரு தேத்தண்ணிக் கடை. அங்கே டின்னில் அடைத்து விற்கும் தேயிலையில் சிலோன் என்று போட்டிருக்கிறது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். கொழுந்தைக் கூடுதலாக வாட்டிவிட்டார்கள். ராஜாவுக்கே இந்தத் தேயிலைதான் என்றால் பாவம்.

இன்னொன்று. டிலக்ஷி என்னை டிசம்பர் வரை இருக்கச் சொல்கிறாள். வீசா ஆறு மாதத்துக்கு இருக்கிறதாம், டிக்கெட்டை மாற்றினால் போதுமாம். "அம்மா என்ன சொல்றாங்களோ அதுதான்" என்று சொல்லிவிட்டேன். உன் விருப்பத்தை எழுது.

இப்படிக்கு உன்
மாணிக்கராஜ்

•

தபாலில் அனுப்பியது
ஸ்கொட்லாந்து, 21.07.2025

றோசாலி,

சுகம் கேட்டு நேற்றுத்தான் எழுதினேன். இன்றைக்கு நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதை டிலக்ஷி பார்க்கக் கூடாது. பாப்பாவை வண்டியில் தள்ளிக்கொண்டு போய் நானே பெட்டியில் போடுகிறேன்.

அந்தக் கோட்டையில் நான் வாசலையும் முற்றத்தையும் தேத்தண்ணிக் கடையையும் தவிர ஒன்றும் பார்க்கவில்லை. உள்ளே போகும் நேரம் பார்த்துப் பாப்பா தூங்கிவிட்டாள். கல் படியில் தள்ளுவண்டி ஏறாது. "அப்பா, நீங்க இந்த பெஞ்சுல கொஞ்சம் உக்காருங்க, நாங்க ஒரு சுத்து சுத்திட்டு ஓடி வந்துடுறோம்" என்றாள். அந்தக் கொஞ்சம் இரண்டரை மணி நேரம். தூறல் போட்டது. வண்டிக்கு மேலே என் மேல்சட்டையைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராணி கட்டிலையும் கொம்புக் குதிரையையும் அவள் போனில் எடுத்த படங்களைப் பார்த்து எழுதினேன். வாசிக்கிறபோது அவள் சந்தோஷப்படட்டும் என்றுதான்.

நான் இங்கே பிள்ளைக்காம்பரா ஆயா. நம் பெண்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற அதே பிள்ளைக்காம்பரா. அந்த ஆயாவுக்காவது பேசிச் சிரிக்க ஆள் உண்டு. டிலக்ஷி காலையில் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே படுக்கிறாள். மாலை வரை நானும் பாப்பாவும்தான். பாப்பா பேசுவது இங்கிலீஷ். எனக்கு அதுவும் கேட்காது.

பிள்ளையைக் குறை சொல்லவில்லை. அவள் படுகிற பாட்டைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் என்னால் முடியவில்லை, றோசாலி. அலுத்துவிட்டது. நான் போகிறேன் என்றால் மகள் மனம் உடையும். நீ கூப்பிட்டால் கோபிக்க மாட்டாள். கூரை ஒழுகுகிறது, ஆம்பிளை இல்லாமல் முடியாது என்று போனில் அனுப்புகிற கடிதத்தில் எழுது.

உன்
மாணிக்கம்

•

போனில் அனுப்பியது
ஸ்பிரிங்வெளி, 24.07.2025

டிலக்ஷி அப்பாவுக்கு றோசாலி எழுதிக்கொள்வது,

எல்லாரும் சுகமென்று அறிந்து சந்தோஷம். நானும் சுகம்.

உங்கள் கோட்டைக் கடிதம் இங்கே பெரிய பேராகிவிட்டது. நேற்று ஜெபமாலை முடிந்ததும் சுபாஜினி அதைச் சத்தமாக வாசித்தாள். மேல் லயத்து அங்கம்மாவும் கேட்க வந்துவிட்டாள். "அப்ப ராசா இப்ப எங்க படுக்கிறாரு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, எழுதுங்கள். பூனை மீன் திருடுகிற இடத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்கள். நூற்றிருபது படி நீங்கள் ஏறினதைக் கேட்டு எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

டிசம்பர் வரை இருங்கள். நான் என்ன இங்கே தனியாகவா இருக்கிறேன்? சுற்றி லயம் நிறைய ஆள். மகளுக்கும் உதவியாக இருக்கும், பாப்பாவும் உங்களோடு பழகிவிட்டாள். என்னை நினைத்து யோசிக்க வேண்டாம்.

அன்புடன்
றோசாலி

•

தபாலுக்கு எழுதியது
ஸ்பிரிங்வெளி, 25.07.2025

டிலக்ஷி அப்பாவுக்கு,

நேற்று எழுதியது மகளுக்காக எழுதியது. இது உங்களுக்கு. நீங்கள் அட்ரஸ் எழுதி வைத்துவிட்டுப் போன கவரில் வைக்கிறேன். சுபாஜினி நாளைக்கு பதுளைக்குப் போகிறாள், தபால் கந்தோரில் போடக் கொடுக்கிறேன். நிறுத்துப் பார்த்துத்தான் முத்திரை ஒட்டுவார்களாம், அதனால் கவரை ஒட்டாமல் கொடுக்கிறேன்.

பிளேன் பயம் என்று சொன்னது பொய். அவ்வளவு நேரம் என்னால் உட்கார முடியாது. கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. நாலு வருடமாக இருக்கிறது. கொழுந்துச் சுமையோடு மலை ஏறி இறங்கின பெண்களுக்கு வருகிறதுதான், வேலையிலிருந்து பேர் விட்ட பிறகு சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இதை எப்படி ஒரு ஆம்பிளையிடம் சொல்வது? உங்களிடம் சொல்வதென்றால் லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும்.

இரண்டு தரம் டவுனுக்குப் போனது சாமானுக்கு அல்ல, கிளினிக்குக்கு. செப்டம்பர் பதினைந்தாம் திகதி ஒப்பரேஷன். மே மாதம் தந்த திகதியை உங்கள் பயணத்துக்காகத் தள்ளிப் போட்டேன். இதையும் விட்டால் அடுத்த வருடம்தானாம். எட்டாம் திகதி நீங்கள் வந்துவிடுவீர்கள், வந்ததும் சொல்லலாம் என்று தைரியமாக இருந்தேன். டிசம்பர் என்றதும் கை கால் ஓடவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. மயக்க ஊசி போட்டு எழும்பாமல் போனால் என்ன செய்வது? கண்ணைத் திறக்கிறபோது நீங்கள் வார்ட்டுக்கு வெளியிலாவது இருக்க வேண்டும். ஏதாவது சாக்குச் சொல்லி வந்துவிடுங்கள். மகளிடம் சொல்ல வேண்டாம். அவளுக்கு இருக்கிறது போதும்.

றோசாலி

•

போனில் அனுப்பியது
ஸ்பிரிங்வெளி, 13.08.2025

டிலக்ஷி அப்பாவுக்கு றோசாலி எழுதிக்கொள்வது,

நான் சுகம். இருபது நாளாக உங்கள் கையெழுத்தைப் போனில் காணவில்லை. சுகம்தானே?

ஒரு சங்கடம். போன கிழமை பெய்த மழையில் கூரை ஒழுக ஆரம்பித்துவிட்டது. அடுப்பங்கரையில் இரண்டு இடம், கட்டிலுக்கு மேலே ஒரு இடம். தகரம் மாற்ற வேண்டும், அதற்கு ஆம்பிளை ஆள் இல்லாமல் முடியாது. டிசம்பர் வரை இருங்கள் என்று சொன்ன வாயால் இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. எட்டாம் திகதியே வந்துவிடுங்கள்.

மகளே டிலக்ஷி, அம்மாவை மன்னித்துக்கொள். உனக்கு உதவி இல்லாமல் போகிறதே என்று இருக்கிறது. கூரை மட்டும் சரியாக இருந்தால் நான் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

அன்புடன்
றோசாலி

•

போனில் அனுப்பியது
ஸ்கொட்லாந்து, 14.08.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அப்பா சுகம், எல்லாரும் சுகம். நீங்கள் சுகமில்லை என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் தபாலில் போடக் கொடுத்த கடிதத்தை சுபாஜினி அக்கா போட்டுவிட்டார். போடுவதற்கு முன்னால், தபால் சுணங்கும் என்று நினைத்து, வழக்கம் போலப் படம் பிடித்து எனக்கும் அனுப்பிவிட்டார். அவரைத் திட்ட வேண்டாம். உங்கள் தாள் எல்லாவற்றையும் அப்படித்தானே அனுப்புகிறார்? வாசிக்கக்கூட இல்லையாம்.

வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அதை வாசித்தேன். ஜூலை இருபத்தாறு. இன்றைக்குப் பத்தொன்பது நாள். அப்பாவிடம் சொல்லவில்லை. டிக்கெட்டையும் மாற்றவில்லை. இரண்டில் ஒன்றையும் செய்யாமல் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

அம்மா, உண்மையைச் சொல்கிறேன். வாசித்து முடித்ததும் அப்பா போனால் பாப்பாவை யாரிடம் விடுவது என்றுதான் முதலில் நினைத்தேன். உங்களுக்கு என்ன ஆகுமோ என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசை எனக்கே அருவருப்பாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன்.

இன்றைக்குக் கூரைக் கடிதம் வந்தது. போன வருடம்தானே அம்மா புதுத் தகரம் போட்டோம்? அந்தத் தகரத்துக்குக் கீழே நீங்கள் இரண்டு பேரும் விறைத்துக்கொண்டு நிற்கிற படம் இப்போதும் என் போனில் இருக்கிறது. நான் இத்தனை நாள் மறைத்து வைத்திருக்க, எனக்கு மனம் நோகக் கூடாது என்று ஒழுகாத கூரையை ஒழுக வைத்திருக்கிறீர்கள். சமையலறையில் நின்று அழுதேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் காட்டிவிட்டேன். நின்றபடியே வாசித்தார். "பாப்பாவுக்குச் சாப்பாட்டு நேரமாச்சு" என்றார். ஊட்டி முடித்துவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அவரும் உங்களுக்குத் தபாலில் எழுதியதைப் பிறகு சொன்னார். கோட்டைக்குள்ளே அவர் ஒன்றும் பார்க்கவில்லை என்பதை அவர் சொல்லித்தானா நான் அறிய வேண்டும்? பெஞ்சில் உட்கார வைத்ததே நான்தான். அந்தப் பொய்யைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பியதும் நான்தான்.

எட்டாம் திகதி அப்பா வருகிறார். எனக்கு இப்போது லீவு கிடைக்காது.

உங்கள் மகள்
டிலக்ஷி

•

போனில் அனுப்பியது
ஸ்கொட்லாந்து, 24.08.2025

அன்புள்ள றோசாலிக்கு,

நான் சுகம். நீ எப்படி என்று இனிமேல் உண்மையாக எழுது.

நாலு வருடம் என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு சொல்லாமல் இருந்திருக்கிறாய். சத்தம் போட வெட்கம் என்றால் ஒரு துண்டில் எழுதிக் காட்டியிருக்கலாமே? காதுதான் போனது, கண் நன்றாக இருக்கிறது. உன் மேல் கோபம் கோபமாக வந்தது. பிறகு, நீ தண்ணீர் வாளியைப் பாதி வழியில் வைத்து வைத்துத் தூக்கிக்கொண்டு வருவது ஞாபகத்துக்கு வந்தது. அதை இந்தக் கண் பார்த்துக்கொண்டுதானே இருந்தது. அதற்குப் பிறகு கோபம் உன் மேல் இல்லை.

நேற்று டிலக்ஷி மறுபடியும் கோட்டைக்குக் கூட்டிப் போனாள். "நீங்க போயிப் பாத்துட்டு வாங்கப்பா, நான் பாப்பாவோட உக்காந்திருக்கேன்" என்று அதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நான் தனியாக உள்ளே போனேன். மண்டபம் நான் எழுதியதை விடச் சின்னது. ராஜா நாற்காலி காலியாகக் கிடக்கிறது, ஒரு கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். மெழுகுப் பூனையின் ஒரு காது உடைந்திருக்கிறது. அங்கம்மாவிடம் சொல், ராசா எங்கே படுக்கிறார் என்று அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை.

கோபுரப் படியில் நாற்பதுக்கு மேல் என்னால் ஏற முடியவில்லை. அங்கே சுவரில் ஒரு ஜன்னல். எட்டிப் பார்த்தால் நேர் கீழே முற்றம். நம் பிள்ளை வண்டியின் கைப்பிடியில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பாப்பா விழித்திருந்தாள். அம்மாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள், அவள் எழும்பவே இல்லை. வண்டியில் இருக்க வேண்டியவள் யார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது, றோசாலி. அதற்கு மேல் ஏறவும் மனமில்லை, இறங்கவும் மனமில்லை. இறங்கினால் அவளை எழுப்ப வேண்டும். ஒரு மணி நேரம் அந்தப் படியிலேயே நின்றேன்.

இதை அவள்தான் படம் பிடித்து அனுப்பப் போகிறாள். வாசிக்கட்டும். டிலக்ஷி, உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, மகளே. உன்னை இப்படி விட்டுவிட்டுப் போகிறேனே என்பதுதான் வருத்தம்.

பதினைந்தாம் திகதி நீ கண்ணைத் திறக்கும்போது வெளியில் நிற்பேன். கூப்பிட்டால் கேட்காது. ஆளை அனுப்பு.

இப்படிக்கு உன்
மாணிக்கராஜ்

•

போனில் அனுப்பியது
ஸ்கொட்லாந்து, 18.09.2025

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது, அம்மா கண் விழித்ததும் முதலில் தேத்தண்ணி கேட்டார் என்று சுபாஜினி அக்கா அனுப்பியிருந்தார். வேலையில் இருந்தேன். போர்வை மடிக்கிற அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். டொக்டர் சொன்ன மாதிரி ஆறு கிழமை பாரம் தூக்கக் கூடாது. அப்பா, வாளியை இனி நீங்கள் தூக்குங்கள்.

நாங்கள் சுகம். ஷெல்டன் வேலை முடிந்து உள்ளே வர நான் வெளியே போகிறேன். பாப்பாவை வாசலில் வைத்துத்தான் கை மாற்றுகிறோம். பகலில் அவள் தூங்குகிற நேரம் நானும் தூங்குகிறேன். இதுவும் எத்தனை நாளைக்கு ஓடும் என்று தெரியவில்லை. இப்போதைக்கு ஓடுகிறது. பாப்பா படிக்கட்டில் உட்கார்ந்து "தாத்தா எங்க" என்று தமிழில் கேட்கிறாள்.

நேற்று ஒரு கவர் வந்தது. ஜூலையில் சுபாஜினி அக்கா பதுளையில் போட்ட அம்மாவின் கடிதம். இவ்வளவு நாள் எங்கே சுற்றியதோ. உள்ளே இருப்பது எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். ஆனாலும் திறக்கவில்லை. மேலே அப்பாவின் கையெழுத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. இன்னொரு கவரில் வைத்து, நன்றாக ஒட்டி, அப்பாவுக்கே திருப்பி அனுப்புகிறேன்.

உங்கள் அன்பு மகள்
டிலக்ஷி